ஓடைமேட்டில் மஞ்சள் எலி இல்லை

முதல் மஞ்சள் எலியைப் பச்சையம்மாதான் பிடித்தாள். தை மாதம், அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த ஒரு வயலில். வளையின் ஒரு வாயில் புகை போட்டுவிட்டு மறு வாயில் சாக்கை விரித்துப் பிடித்திருந்தவள், உள்ளே வந்து விழுந்ததை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டு, மீதி வளைகளை அப்படியே விட்டுவிட்டு, மூன்று கிலோமீட்டர் நடந்து நெடும்பட்டறைக்கு வந்து பிரிசில்லாவின் கதவைத் தட்டினாள்.

"யக்கா, நீ சொன்னது வந்துடுச்சி. மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்தாப்பல கீது, பாரு."

பிரிசில்லா எலியைக் கூண்டுக்கு மாற்றி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். வயிற்றுப் பக்கம் வெளிர் மஞ்சள். முதுகில் அம்மியில் அரைத்த மஞ்சளின் நிறம். காதும் வாலும் எல்லா வயல் எலிக்கும் உள்ளவைதான். ஐந்து வருஷம் அவள் காத்திருந்தது இதற்காக. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாக்கா, செஞ்ச வேலை பலிச்சுதுன்னு சிரிப்பன்னு பாத்தா அழுவுற?"

"பலிச்சுதுன்னா அந்த வயல்ல விஷம் இருக்குன்னு அர்த்தம் பச்சை."

பச்சையம்மா கூண்டைக் குனிந்து பார்த்தாள். அந்த வயல் அவளுடைய குடிசையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

நெடும்பட்டறை வடாற்காட்டுப் பக்கத்தில், மணல்கூட மிஞ்சாத ஓர் ஆற்றின் கரையில் இருக்கும் ஊர். நாற்பது தோல் பட்டறைகள். பிரிசில்லாவின் அப்பா தேவசகாயம் அவற்றில் ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் அலசியவர். ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். எதனால் என்று எந்தச் சீட்டிலும் யாரும் எழுதவில்லை. அப்போது பிரிசில்லா சென்னையில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எங்கெங்கோ போய்ப் படித்து, நாற்பது வயதுக்கு மேல் இந்த எலியோடுதான் ஊருக்குத் திரும்பினாள்.

எலி எதற்கு என்று நகராட்சிக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டவர் அரிசி மில் தட்சிணாமூர்த்தி.

"ஏம்மா, தண்ணியில என்னா கீதுன்னு பாக்கணும்னா தண்ணியப் பிடிச்சி லேபுக்கு அனுப்ப வேண்டியதுதானே? எலிக்கு ஏன் சாயம் பூசறீங்க?"

"சாயம் பூசலைங்க. எலிக்கு முதல்ல முளைக்கிற முடி ரெண்டு மாசத்துல உதிர்ந்துடும். அப்புறம் புது முடி முளைக்கும். அந்த நேரத்துல அது குடிக்கிற தண்ணியில, தின்கிற வேர்ல தோல் பட்டறைங்க விடற குரோமியம் இருந்தா, புது முடி மஞ்சளா வளரும். இல்லேன்னா எப்பவும் போல பழுப்பு. அதுக்கான ஒரு சின்ன மாத்தம்தான் அதோட கருவுல செஞ்சோம். அரசாங்க அனுமதியோட நாலு இடத்துல விட்டோம். அதோட குட்டிங்க, அதுங்களோட குட்டிங்கன்னு இப்ப இந்தச் சுத்துவட்டாரம் பூரா அந்த வம்சம்தான்."

"அதான் கேக்கறேன். லேபு இல்லியா?"

"முப்பது வருஷமா லேபுக்குத்தான் போவுது. ஒவ்வொரு தடவையும் 'அளவுக்கு உட்பட்டது'ன்னுதான் வருது. மழை பெஞ்ச மறுநாள் போய்ப் பிடிக்கிறாங்க. இல்லேன்னா வழியில பாட்டில் மாறுது. பாட்டிலை மாத்தலாம். ஊர்ல இருக்கிற எலியையெல்லாம் எப்படிங்க மாத்துவாங்க?"

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். தட்சிணாமூர்த்தி உட்கார்ந்துவிட்டார்.

எலியை மாற்ற முடியாது என்று அவள் நினைத்தது தவறு என்பது இரண்டே மாதத்தில் தெரிந்தது. பிரிசில்லா போனில் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தாள். எலியைப் பார்த்தால் படம் எடுத்து அனுப்ப வேண்டும். என்ன நிறம், எந்த இடம், அவ்வளவுதான் கேட்கும். மஞ்சள் வந்த இடமெல்லாம் வரைபடத்தில் மஞ்சள் புள்ளியாக விழும். வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தார்கள். கசாப்புக்காரத் தெருவில் மூன்று வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் காலி செய்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மகள் கோமளாவுக்கு நிச்சயமான கல்யாணம், அவர்கள் கொல்லையில் மஞ்சள் எலி ஓடியதை மாப்பிள்ளையின் அத்தை பார்த்ததோடு நின்றுபோனது. ஒருவன் செத்த எலிக்குத் தலைமுடிச் சாயம் தேய்த்துப் படம் எடுத்து அனுப்பினான். இன்னொருவன், பாகத் தகராறில், ஒரு மஞ்சள் எலியை உயிரோடு பிடித்துத் தம்பி வீட்டுக் கூரையில் விட்டான். விடிந்ததும் தெருவே எலிப் பாஷாணமும் கையுமாக அலைந்தது. பிள்ளையார் கோயில் குருக்கள் மட்டும், சந்நிதிக்கு வந்த ஒரு மஞ்சள் எலிக்குக் குங்குமம் வைக்க முயன்று கடி வாங்கினார்.

கோமளா ஒரு நாள் பிரிசில்லாவைத் தேடி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தாள் பிரிசில்லா. கோமளா திட்டவில்லை.

"எங்க அம்மாவுக்கு இருபது வருஷமா கையில புண்ணு மேடம். சொறி, சேத்துப்புண்ணுன்னு எண்ணெய் போட்டுக்கினு இருந்தாங்க. இப்பதான் ஏன்னு தெரிஞ்சுது. கல்யாணம் போனா போவட்டும். ஆனா எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வர்றாப்பல ஏதாவது பண்ணுங்க."

லாரி வந்தது. இரண்டு பட்டறைகளுக்குச் சீல் வைத்தார்கள். உண்மை வெளியே வந்தால் முதலில் எல்லோருக்கும் வலிக்கத்தான் செய்யும், பிறகு சரியாகும் என்று பிரிசில்லா நம்பினாள். அவளுடைய எலிமேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அந்த வருஷத்தில்தான் முற்றியது.

பச்சையம்மாவும் இன்னும் முப்பத்தொரு இருளர் குடும்பங்களும் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்தார்கள். மஞ்சள் எலி பிடிபட்ட வயல் அதற்குக் கீழேதான். அவர்களுக்கு ஓட்டு வீடு கட்டித்தர அரசாணை வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது, இடம்தான் கிடைக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தாசில்தாரே பிரிசில்லாவிடம் வந்தார்.

"மேடம், ஊரைச் சுத்தி மஞ்சளா கெடக்குது. ஓடைமேட்டுல மட்டும் ஒரு புள்ளி இல்ல. அது அரசாங்கப் புறம்போக்கு. அந்த எடம் சுத்தம்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா அடுத்த மாசமே வேலைய ஆரம்பிச்சுடுவேன்."

ஓடைமேடு ஊருக்கு மேற்கே, சீமைக்கருவேலம் மண்டிய ஒரு மேட்டுநிலம். எழுதிக் கொடுப்பதற்கு முன் பிரிசில்லா பச்சையம்மாவை அங்கே அனுப்பினாள். பச்சையம்மா மூன்று நாள் தோண்டி இருபத்தாறு எலிகளைக் கொண்டுவந்தாள். இருபத்தாறும் பழுப்பு.

"மஞ்ச ஒண்ணுகூட இல்லக்கா. ஆனா எனக்கு அந்த எடம் புடிக்கல."

"ஏன்?"

"வளையெல்லாம் சின்னச் சின்னதா கீது. கெழ எலி ஒண்ணுகூட மாட்டல. எல்லாம் பொடிசு. ஒரு வளையில நெல்லு சேத்து வெச்சாப்பல இல்ல. குடித்தனம் பண்ற எடமா தெரியல."

பிரிசில்லா எடைக் குறிப்பைப் பார்த்தாள். எல்லாம் குறைந்த எடைதான். "வயல் பக்கத்துல இல்லையில்ல பச்சை. தீனி கம்மி. பாம்பும் ஆந்தையும் பெருசையெல்லாம் பிடிச்சிட்டுப் போயிருக்கும்."

"பாம்பு பொடிசத்தான் முழுங்கும்."

"தண்ணி சுத்தமா இருக்கு, அதுதான் முக்கியம். உன் பொண்ணு குடிக்கப்போற தண்ணி."

பிரிசில்லா கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர்கள் புது வீட்டுக்குப் போன அன்று இன்னொன்றும் சொன்னாள். அதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"மஞ்சள் எலியத் திங்காதீங்க. யாரும் திங்கக் கூடாது. பழுப்பு ஒண்ணும் பண்ணாது. இங்க இருக்கிறது எல்லாமே பழுப்புதான், பயமில்லாம சாப்பிடலாம்."

பச்சையம்மாவின் மகள் அஞ்சலைக்கு அப்போது ஏழு வயது. மின்சார விளக்கு இருக்கும் வீட்டில் அவள் இருப்பது அதுதான் முதல் தடவை. முதல் வாரம் முழுக்க சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாள். அவளுடைய அப்பா கன்னியப்பன், செங்கல் சூளையிலிருந்து திரும்பியதும், "பல்பு போச்சுன்னா உன்னத்தான் தொங்க வுடுவேன்" என்பான். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் போடுவாள். சனிக்கிழமை தோறும் அம்மாவோடு பிரிசில்லாவின் வீட்டுக்கு வருவாள். பிரிசில்லாவை அவள் அழைத்தது "எலியம்மா" என்று. கூண்டு எலிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். ஆண் எலி பெண் எலி பார்க்காமல் எல்லாவற்றுக்கும் நடிகைகளின் பெயர்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"எறும்பு கடிச்சிருச்சா?"

"இல்ல எலியம்மா. தூங்கி எய்ந்தா இப்பிடித்தான் ஆவுது."

பச்சையம்மா, "மூத்தரம் நொரையா போவுதுக்கா. காலும் ஊதிக்கினு கீது" என்றாள். அவளுடைய உதட்டோரத்திலும் ஆறாத புண் ஒன்று இருந்தது. பிரிசில்லா அதைக் கவனித்தாள். கவனித்ததோடு சரி.

மாவட்ட மருத்துவமனைக்கு மூவரும் பஸ்ஸில் போனார்கள். டாக்டர் ரெஹானா சின்ன வயசுக்காரி. குழந்தையின் காலை விரலால் அழுத்தி, குழி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிறுநீரகம் என்றாள். பிறகு கேள்விகளை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா, பாம்பு கடித்ததா, காய்ச்சல் வந்ததா.

"தண்ணி எங்க பிடிக்கிறீங்க? உங்க ஊர்ப் பக்கம்னா எனக்கு முதல் சந்தேகம் அதுதான்."

பச்சையம்மா பிரிசில்லாவைப் பார்த்தாள்.

"ஓடைமேட்டுக் காலனிங்க டாக்டர்," என்றாள் பிரிசில்லா. "அங்க தண்ணி சுத்தம். இந்த ஊர்ல தண்ணியைக் கண்காணிக்கிறதே நான்தான். அந்த ஒரு இடத்துலதான் பிரச்சினை இல்ல."

டாக்டர் எழுதியதில் ஒரு வரியை அடித்தாள். "அப்ப இது வேற ஏதோ. மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்."

ஐந்து மாதம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாது, ஆனால் குடிப்பதைச் சுத்தமாகக் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பச்சையம்மா காலனி அடிபம்பில் ஒரே குடத்தை மூன்று முறை கழுவிப் பிடித்து, துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆற்றிக் கொடுத்தாள். கடைசி இரண்டு வாரம் அஞ்சலையை மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்கள். பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியான சாப்பாட்டு நேரத்தில், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் இறந்தாள். கன்னியப்பன் சூளையில் இருந்தான். அவனுக்கு ஆள் போய்ச் சொல்லி, அவன் வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது. அதுவரை பச்சையம்மா மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்துவிட்டதா என்று அவள் ஒரு தரம் விரலால் அழுத்திப் பார்த்ததைப் பிரிசில்லா பார்த்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிரிசில்லா காலனிக்குப் போனாள். போன இடத்தில் இன்னும் இரண்டு குழந்தைகளின் முகம் வீங்கியிருந்தது.

மறுநாளே அடிபம்பிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினாள். யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். அவளுடன் படித்தவள் நடத்தும் சோதனைக்கூடத்தில், பக்கத்திலேயே நின்று பார்த்தாள். தோழி எண்ணைப் படித்துவிட்டு, கருவியைக் கழுவி மறுபடி ஓட்டினாள். அதே எண். குடிக்கக்கூடிய அளவைப் போல அறுபது மடங்கு. நெடும்பட்டறையில் எந்தத் தெருவிலும் அவ்வளவு இருந்ததில்லை.

"இந்தத் தண்ணி எங்கேருந்து பிரிசில்லா?"

"மஞ்சள் எலி இல்லாத எடத்துலேருந்து."

ஊருக்குத் திரும்பி, குளிர்பெட்டியைத் திறந்து, அன்றைக்கு உறையவைத்திருந்த ஓடைமேட்டு எலிகள் இருபத்தாறையும் மேசைமேல் பரப்பினாள். இப்போது அவள் நிறத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பார்த்தாள். எலியின் வயது பல்லில் தெரியும். தின்னத் தின்னப் பல் தேயும். முதல் எலிக்குப் பல் தேயவே இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றுக்கும் ஏழு வாரத்துக்கு மேல் வயதில்லை.

ஓடைமேட்டில் எலிகள் முதல் முடியோடேயே செத்துக்கொண்டிருந்தன. இரண்டாவது முடி முளைக்கும்வரை ஒன்றும் உயிரோடு இல்லை. வெளியிலிருந்து புதுசு புதுசாகத் தாய் எலிகள் வந்து, குட்டி போட்டுவிட்டுச் சாக, குட்டிகள் பழுப்பாக ஓடித்திரிந்துவிட்டு, மஞ்சளாவதற்கு முன் செத்திருக்கின்றன. மஞ்சள் எலி என்றால் அந்த இடத்தில் விஷம் இருக்கிறது, ஆனால் அங்கே எலி வாழ்கிறது என்று பொருள். அவள் அதைப் பாதிதான் படித்திருந்தாள்.

பிற்பாடு பழைய வருவாய்ப் பதிவேட்டில் தேடியபோது அதன் காரணமும் கிடைத்தது. ஐம்பது வருஷத்துக்கு முன் ஓடைமேடு மேடே இல்லை, பள்ளம். எந்தெந்தப் பட்டறைகளின் கழிவுச் சேற்றையோ அதில் கொட்டிக் கொட்டி மேடாக்கி, மேலே மண் போட்டு மூடியிருக்கிறார்கள்.

பற்களைப் பார்த்து முடித்த கையோடு, யாருக்கும் போன் செய்வதற்கு முன் அவள் பச்சையம்மாவிடம் போனாள். பகல் பதினோரு மணி. பச்சையம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிரிசில்லா எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"பச்சை, இங்க தண்ணி குடிக்காதீங்க. இந்தப் பம்பைத் தொடாதீங்க. இங்க பிடிக்கிற எலியையும் திங்காதீங்க. இந்த எடம் பூரா விஷம்."

முறம் நின்றது.

"நீதானே சுத்தம்னு சொன்ன?"

"சொன்னேன். தப்பா சொன்னேன். மஞ்சளாவறதுக்கு எலி ரெண்டு மாசமாவது உயிரோட இருக்கணும். இங்க அது இருக்கறதே இல்ல. அதனாலதான் மஞ்சள் இல்ல."

பச்சையம்மாவுக்கு அது உடனே புரிந்தது. கூட்டத்தில் படித்தவர்களுக்குச் சொல்ல அரை மணி ஆகியிருக்கும்.

"கெழ எலி இல்லன்னு நான் சொன்னேன்."

"ஆமா."

"பாம்புன்னு சொன்ன."

"ஆமா பச்சை."

பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏரிக்கரையில மஞ்ச எலி இருந்திச்சி."

பிரிசில்லா தலையாட்டினாள்.

"அங்க எலி மயிரு மொளைக்கற வரைக்கும் பொழைச்சிச்சி. குட்டி போட்டுச்சி, கெழமாச்சி, பல்லு தேஞ்சிச்சி. நாங்க அங்கயே இருந்திருந்தா?"

"நல்லா இருந்திருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா..."

"ஆனா உசுரோட இருந்திருப்பா."

பிரிசில்லா மண்ணில் சிந்தியிருந்த ஓர் அரிசியை எடுத்து முறத்தில் போட்டாள்.

"சொல்லு. இருந்திருப்பாளா?"

"இருந்திருப்பா."

பச்சையம்மா எழுந்தாள். உள்ளே போய்ப் பானையிலிருந்த தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் கொட்டினாள். குடத்திலிருந்ததைக் கொட்டினாள். அடுப்பில் உலைக்கு வைத்திருந்ததையும் கொட்டினாள். ஈரம் பிரிசில்லாவின் புடவையை நனைத்தது. கடைசியாகச் சொன்னாள்:

"டாக்டரம்மா என்னத்தான் கேட்டா. நான்தான் உன்னப் பாத்தேன். நீ எந்திரிச்சிப் போக்கா. அந்த ரெண்டு புள்ளைங்கள இட்டுக்கினு ஆஸ்பத்திரிக்குப் போ."

போனாள். டாக்டர் ரெஹானாவிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். காரணம் தெரிந்ததால் மருந்து மாறியது; இரண்டு குழந்தைகளும் பிழைத்தன. அந்த வாரமே முப்பத்திரண்டு குடும்பங்களும் கதவு, ஜன்னல் உட்பட எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு பழையபடி ஏரிக்கரைக்கு நடந்தன.

பிரிசில்லா எழுதிய திருத்த அறிக்கை பதினான்கு பக்கம். தன் பெயரை மறைக்காமல், எங்கே தவறினாள் என்பதையும் எழுதியிருந்தாள். அதை முழுசாக யாரும் படிக்கவில்லை. மேலிடத்தில், எலி நம்பகமான கருவியல்ல என்று ஒரு வரியில் திட்டத்தை மூடினார்கள். தண்ணீர் லாரி நின்றது. சீல் உடைந்தது. ஊர் அந்தப் பதினான்கு பக்கத்திலிருந்து தனக்கு வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டது: மஞ்சள் எலி இருக்கும் இடத்தில் எலி வாழ்கிறது.

"மஞ்ச எலி ஓடுதுன்னா கவலையே இல்லாம குடிக்கலாம், மேடமே எழுதிட்டாங்க" என்று டீக்கடையில் சொன்னார்கள். பாஷாணம் வைத்த தெருக்களில் இப்போது எலிக்குப் பொரி போட்டார்கள். அறுந்துபோன கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மறுபடி தூது விட்டார்கள். கோமளா முடியாது என்றுவிட்டாள். அவளுடைய அம்மாவின் கையில் புண் அப்படியேதான் இருந்தது.

மார்கழியில், ஓடைமேட்டை ஒட்டிய பட்டா நிலத்தில் மனை போட்டார்கள். சென்னைப் பக்கமிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். தரகன் பச்சையம்மாவிடம் வந்து உயிரோடு மஞ்சள் எலிகள் கேட்டான் என்றும், அவள் சாக்கை உதறிக் காட்டி அனுப்பிவிட்டாள் என்றும் பிரிசில்லா கேள்விப்பட்டாள். வேறு யாரோ பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சையம்மா ஓடைமேட்டுச் சாலை பிரியும் இடத்தில் போய் நிற்கிறாளாம். வரும் வண்டியையெல்லாம் நிறுத்திப் பேசுகிறாளாம்.

அடுத்த ஞாயிறு பிரிசில்லாவும் போனாள். பச்சையம்மா அவளைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எட்டு மாதமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிரிசில்லா பத்தடி தள்ளி நின்றாள்.

ஒரு வெள்ளைக் கார் வந்தது. பச்சையம்மா குறுக்கே போய் நின்று ஜன்னலைத் தட்டினாள். உள்ளே ஓர் இளம் தம்பதி. பின்சீட்டில், மனைவியின் மடியில், ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இங்க எடம் வாங்காதீங்க. எம்பொண்ணு அஞ்சலை இங்கதான் தண்ணி குடிச்சி செத்துப்போனா. ஒம்போது வயசு."

முன்சீட்டிலிருந்த தரகன் சிரித்தான். "இவங்களுக்கு அரசாங்கம் வீடு கட்டிக் குடுத்துது சார். வித்துத் தின்னுட்டு இப்ப தகராறு பண்றாங்க. அதோ பாருங்க, அந்தக் கல்லாண்ட, மஞ்ச எலி ஓடுது. இத விட என்னா சர்ட்டிபிகேட் வேணும்?"

காரிலிருந்த பெண் எலியைப் பார்த்தாள். பச்சையம்மாவைப் பார்த்தாள். கணவன், "போலாம்ங்க" என்று கியரை மாற்றினான். பச்சையம்மா வழக்கம்போல ஒதுங்கத் தொடங்கினாள். எத்தனை வண்டிகளுக்கு இப்படி ஒதுங்கியிருப்பாள் என்பது அந்த ஒதுங்கலிலேயே தெரிந்தது.

பிரிசில்லா ஓடிவந்து காரின் முன்னால் நின்றாள்.

"அந்த எலி இந்த மண்ணுல வளர்ந்தது இல்ல. கொண்டுவந்து விட்டது. இன்னும் பத்து நாள்ல செத்துடும்."

"நீங்க யாருங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஊரில் அவளை இப்போது யாரும் அந்தக் கேள்வி கேட்பதில்லை.

"இந்த எலிய உண்டாக்கினது நான். இந்த எடம் சுத்தம்னு நம்பி, எழுதிக் குடுத்து, இவங்களை இங்க குடியேத்தினதும் நான்தான். இவங்க வேணாம்னாங்க. நான் கேக்கல. இவங்க பொண்ணு செத்ததுக்குக் காரணம் நான்."

தரகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"வண்டியத் திருப்புங்க," என்றாள் கணவனிடம்.

தரகன் இறங்கிக்கொண்டான்; கார் திரும்பிப் போனது. அவன் செருப்புக் காலால் மண்ணை உதைத்துவிட்டு, மனைகளின் பக்கம் நடந்தான். தூரத்தில் இன்னொரு வண்டியின் ஹாரன் கேட்டது.

பிரிசில்லா நடுரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். உச்சி வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

பச்சையம்மா வேலியோர நிழலில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள்.

"இந்தாண்ட வந்து நில்லுக்கா," என்றாள். "இன்னும் நாலு வண்டி வரும்."